ஆயிரம் முறை எரியும் காடு

கணினித் திரையில் ஒரு காடு. கறுப்புப் பின்னணியில் பச்சைச் சதுரங்களாக மரங்கள் நிற்கின்றன. இடது ஓரத்தில் மட்டும் தீ. பொத்தானை அழுத்தியதும் தீ பக்கத்து மரங்களுக்குத் தாவத் தொடங்குகிறது. விதி ஒன்றுதான். எரியும் மரத்தின் மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் உள்ள நான்கு சதுரங்களில் மரம் இருந்தால் அதுவும் தீப்பிடிக்கும். சதுரம் வெறுமையாக இருந்தால் தீ அந்தத் திசையில் நின்றுவிடும். இந்தக் காட்டில் காற்று கிடையாது, மழை கிடையாது, தீயணைப்பு வீரர்களும் கிடையாது.

இப்போது ஒரு கேள்வி. நூறு சதுரங்களுக்கு 59 சதுரங்களில் மரம் இருந்தால், தீ காட்டின் மறுமுனையை எட்டுமா?

ஒரு மாணவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, "எட்டவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். அடுத்த மேசையில் இருப்பவர் அதே காட்டை, அதே 59 விழுக்காட்டில் ஓட்டிவிட்டு, "எட்டியது" என்று எழுதுகிறார். இருவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. அப்படியானால் எந்த விடையை நம்புவது?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அறிவியலாளர்கள் இரண்டு மென்பொருள்களுக்கு இடையே ஒரு பாலம் கட்டினார்கள். பாலத்தின் ஒரு கரையில் இருப்பது நெட்லோகோ. மறுகரையில் இருப்பது 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட புள்ளியியல் நிரல்மொழி.

தலைவன் இல்லாத கூட்டம்

வானில் பறக்கும் பறவைக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் திரும்பும். கட்டளையிடும் தலைவன் யாரும் அதில் இல்லை. ஒவ்வொரு பறவையும் தன் பக்கத்தில் பறப்பவற்றை மட்டும் கவனித்து, மோதாமலும் விலகாமலும் பறக்கிறது. கூட்டத்தின் அழகிய வடிவம் தானாகவே உருவாகிவிடுகிறது.

இத்தகைய நிகழ்வுகளைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் முறைக்கு முகவர்சார் மாதிரியாக்கம் என்று பெயர். முகவர் என்றதும் காப்புறுதி முகவரை எண்ண வேண்டாம். இங்கே முகவர் என்பது தனக்கென்று சில விதிகளை வைத்துக்கொண்டு இயங்கும் ஓர் உறுப்பு. அது பறவையாக இருக்கலாம், எறும்பாக இருக்கலாம், நோய் தொற்றிய மனிதராக இருக்கலாம், தீப்பிடித்த மரமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முகவருக்கும் எளிய விதிகளைக் கொடுத்து, ஆயிரக்கணக்கில் திரையில் விட்டு, மொத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே இந்த முறை.

தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர். கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகைக் குடியிருப்பாளர்களை அவர் கலந்து வைத்தார். தன்னைச் சுற்றி இருப்பவர்களில் ஓரளவு பேராவது தன் வகையினராக இருந்தால் போதும், அங்கேயே இருந்துவிடலாம்; இல்லையென்றால் வேறு இடத்துக்கு நகரலாம். இவ்வளவுதான் விதி. யாருக்கும் மற்றவர்மேல் வெறுப்பு இல்லை. இருந்தும் சில சுற்றுகளில் இரண்டு வகையினரும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்துவிட்டார்கள். சிறிய விருப்பங்கள் கூடி யாரும் எதிர்பாராத பெரிய விளைவைத் தரும் என்பதை 1971இல் வெளிவந்த அவருடைய கட்டுரை காட்டியது. 2005இல் அவர் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆமைகளின் உலகம்

இத்தகைய மாதிரிகளை மாணவர்களும் எழுதிப் பார்க்க உதவும் மென்பொருள்தான் நெட்லோகோ. ஊரி விலென்ஸ்கி என்ற பேராசிரியர் 1999இல் இதை உருவாக்கினார். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இது தொடர்ந்து வளர்க்கப்பட்டு வருகிறது. யாரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம்.

இதன் மூதாதை, சிறுவர்களுக்காக 1967இல் உருவான 'லோகோ' என்ற நிரல்மொழி. அதில் ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்துக் கோடு வரையச் செய்வார்கள். அந்த நினைவாக நெட்லோகோவிலும் நகரும் முகவர்களுக்கு ஆமைகள் என்றே பெயர். ஆமைகள் நடமாடும் தரை, சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நாம் தொடக்கத்தில் பார்த்த காட்டுத்தீ, நெட்லோகோவுடன் வரும் மாதிரி நூலகத்திலேயே இருக்கிறது. மரங்களின் அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு நகர்த்துப் பட்டையும் உண்டு.

அடர்த்தியை 50 விழுக்காட்டில் வைத்து ஓட்டினால், தீ இடது ஓரத்தை விட்டு அதிகம் நகராமல் அவிந்துவிடும். 70 விழுக்காட்டில் வைத்தால் காட்டின் பெரும்பகுதி எரிந்து முடியும். இந்த இரண்டு நிலைகளிலும் எத்தனை முறை ஓட்டினாலும் ஏறக்குறைய ஒரே விடைதான். சிக்கல் இடையில் இருக்கிறது. 59 விழுக்காட்டை நெருங்கும்போது ஒவ்வொரு முறையும் விடை மாறுகிறது. ஒருமுறை தீ பாதியில் அவிகிறது. மறுமுறை கடைசி வரை போகிறது.

காரணம், தற்செயல். அடர்த்தி 59 என்றால், ஒவ்வொரு சதுரத்திலும் மரம் இருக்கலாமா வேண்டாமா என்று கணினி சமவாய்ப்பு எண் ஒன்றை எடுத்து முடிவு செய்கிறது. பகடை உருட்டுவதைப் போன்றது அது. மொத்த மரங்களின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், அவை நிற்கும் இடங்கள் ஒவ்வொரு முறையும் வேறு. எங்கோ ஒரு மரம் இருந்தால் தீ அந்த வழியாகத் தாவிவிடும். அந்த ஒரு மரம் இல்லையென்றால் பாதை அடைபட்டுவிடும்.

சூத்திரம் இல்லாத எண்

இந்த விளையாட்டுக்குப் பின்னால் உண்மையான கணிதம் இருக்கிறது. நுண்துளைகள் நிறைந்த பொருளில் நீர் கசிந்து மறுபக்கம் வருமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த கசிவுக் கோட்பாடு அது. 1957இல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இருவர் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். நான்கு பக்கத் தொடர்பு கொண்ட சதுரக் கட்டத்தில், கட்டம் மிக மிகப் பெரியதாக இருக்கும்போது, 0.5927 என்ற அடர்த்தியைத் தாண்டினால்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்பாதை கிடைக்கும். விழுக்காட்டில் சொன்னால் ஏறக்குறைய 59.3.

வியப்பு என்னவென்றால், இந்த எண்ணைத் தரும் சூத்திரம் எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. முக்கோணத்தின் பரப்பளவைப்போல இதைத் தாளில் கணக்கிட்டுவிட முடியாது. கணினியில் ஏராளமான முறை ஓட்டி, விடைகளைத் தொகுத்துத்தான் இந்த எண் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்திருக்கிறது. மீண்டும் மீண்டும் செய்வதே இங்கே அறிவுக்கான வழி.

அறிவியல் கூடத்தில் ஊசல் அலையும் நேரத்தை ஒருமுறை அளந்ததோடு நிறுத்த மாட்டீர்கள். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பீர்கள். கணினி மாதிரிக்கும் அதே ஒழுங்கு தேவை. ஆனால் மூன்று முறை போதாது. தற்செயலால் வரும் பிழை, ஓட்டங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறைகிறது. 100 முறை ஓட்டிக் கிடைத்த சராசரியின் பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் 200 முறை போதாது. 400 முறை ஓட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்காகக் குறைக்க 10,000 முறை ஓட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 முதல் 70 வரை 21 அடர்த்திகள். ஒவ்வொன்றுக்கும் 100 ஓட்டங்கள் என்றால் மொத்தம் 2,100. பொத்தானை அழுத்தி, முடியும் வரை காத்திருந்து, விடையை எழுத ஒரு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் 35 மணி நேரம் வேண்டும். நடுவில் ஒரு விடையைத் தவறாக எழுதிவிட்டால் கண்டுபிடிப்பதும் கடினம்.

ஆக்லாந்தில் பிறந்த எழுத்து

இனி மறுகரைக்குப் போவோம். 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரோஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் புள்ளியியலுக்காக ஒரு நிரல்மொழியை எழுதினார்கள். அவர்களுக்கு முன்பே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 'எஸ்' என்ற மொழி உருவாகியிருந்தது. அதன் வழிவந்த தங்கள் மொழிக்கு, இருவர் பெயரின் முதல் எழுத்தையே வைத்து 'ஆர்' என்று பெயரிட்டார்கள். 1995இல் அது யாரும் பயன்படுத்தக்கூடிய, திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. இன்று உயிரியல், மருத்துவம், பொருளியல் எனப் பல துறை ஆய்வாளர்கள் அதைக் கையாள்கிறார்கள்.

ஆரின் பலம், குவிந்து கிடக்கும் எண்களிலிருந்து பொருள் எடுப்பது. சராசரி, நடுவெண், வீச்சு ஆகியவற்றை ஒரே வரிக் கட்டளையில் சொல்லும். வரைபடம் வரையும். இரண்டு தொகுதி எண்களுக்கு இடையே உள்ள வேறுபாடு தற்செயலால் வந்திருக்குமா என்று சோதிக்கும். ஆனால் ஆமைகளை நடமாட விடும் வசதியான உலகம் அதனிடம் இல்லை. நெட்லோகோவுக்கு உலகத்தை உருவாக்கத் தெரியும். ஆழமாகக் கணக்கிட அதனிடம் கருவிகள் குறைவு. ஒன்றிடம் இருப்பது மற்றதிடம் இல்லை.

இரண்டு வழிப் பாலம்

ஜெர்மனியைச் சேர்ந்த யான் தீலே, ஃபோல்கர் கிரிம் என்ற ஆய்வாளர்கள் 2010இல் முதல் வழியைத் திறந்தார்கள். நெட்லோகோவுக்குள் இருந்துகொண்டே ஆரை அழைக்கும் இணைப்பு அது. இதில் மூன்று செயல்கள் முக்கியம்: புட், எவால், கெட். 'புட்' நெட்லோகோவில் உள்ள எண்களை ஆரிடம் கொடுக்கிறது. 'எவால்' ஆரைக் கணக்கிடச் சொல்கிறது. 'கெட்' விடையைத் திரும்பப் பெறுகிறது. மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையில் உள்ள விலங்குகள் எவ்வளவு பரப்பில் சிதறியிருக்கின்றன என்பது போன்ற கணக்குகளை ஆரிடம் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது வழி எதிர்த்திசையில் செல்கிறது. ஆரில் அமர்ந்துகொண்டு நெட்லோகோவை இயக்கும் 'ஆர்நெட்லோகோ' என்ற நிரல்தொகுப்பையும் தீலே எழுதினார். அதை விளக்கும் அவருடைய கட்டுரை 2014இல் வெளிவந்தது. ஆர் நெட்லோகோவை மணந்துகொள்கிறது என்ற பொருளில் அதற்குத் தலைப்பிட்டார்.

நம் காட்டுத்தீயை இந்த வழியில் எப்படி ஓட்டுவது?

முதலில், 'என்எல்ஸ்டார்ட்' என்ற கட்டளையால் ஆர் நெட்லோகோவை எழுப்புகிறது. நெட்லோகோ ஜாவா என்ற தளத்தின்மேல் இயங்குவது. ஆருக்கு ஜாவா நேரடியாகப் புரியாது. அதனால் இடையில் 'ஆர்ஜாவா' என்ற மற்றொரு நிரல்தொகுப்பு மொழிபெயர்ப்பாளராக நிற்கிறது.

அடுத்து, 'என்எல்லோட்மாடல்' கட்டளை காட்டுத்தீ மாதிரியைத் திறக்கிறது. பிறகு 'என்எல்கமாண்ட்' மூலம் "அடர்த்தியை 59 ஆக்கு", "காட்டைப் புதிதாக அமை" என்று ஆர் கட்டளையிடுகிறது. நாம் சுட்டியால் செய்வதை ஆர் எழுத்தால் செய்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, தீ முழுவதும் அவியும் வரை மாதிரியை ஓட்டச் சொல்கிறது. கடைசியாக, 'என்எல்ரிப்போர்ட்' மூலம் "எத்தனை விழுக்காடு மரங்கள் எரிந்தன?" என்று கேட்கிறது. நெட்லோகோ சொல்லும் எண் ஆரின் பட்டியலில் போய்ச் சேர்கிறது.

அடர்த்தியை அமைப்பது முதல் விடையைக் கேட்பது வரையுள்ள படிகளை ஒரு சுழற்சிக்குள் வைத்துவிட்டால், 2,100 ஓட்டங்களும் யாரும் பொத்தானை அழுத்தாமலேயே நடந்து முடியும். எண்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் தொல்லையும் இல்லை.

நெட்லோகோவிலேயே 'பிஹேவியர்ஸ்பேஸ்' என்ற கருவி இருக்கிறதே, அதுவும் பல முறை ஓட்டி விடைகளைக் கோப்பில் சேமிக்குமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எளிய சோதனைகளுக்கு அதுவே போதும். கோப்பைப் பின்னர் ஆரில் திறந்து ஆராயலாம். ஆனால் அந்தக் கருவி, முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டும். பாலம் இருந்தால் ஆர் நடுவிலேயே விடைகளைப் பார்த்து அடுத்த படியை முடிவு செய்யலாம். 50 முதல் 57 வரை விடைகள் அதிகம் மாறவில்லையா? அங்கே ஓட்டங்களைக் குறைத்துவிடலாம். 58 முதல் 61 வரை விடைகள் சிதறுகின்றனவா? அங்கே ஆயிரம் முறை ஓட்டலாம். உழைப்பை எங்கே கொட்ட வேண்டும் என்பதை எண்களே சொல்லும்.

இன்னொரு நன்மையும் உண்டு. கணினி எடுக்கும் சமவாய்ப்பு எண்கள், 'விதை' எனப்படும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து பிறப்பவை. அதே விதையைக் கொடுத்தால் அதே வரிசையில் அதே எண்கள் வரும். அதே காடு அதே விதமாக எரியும். எந்த விதையில் என்ன விடை வந்தது என்பதை நிரலிலேயே பதிந்து வைத்தால், வேறு நாட்டில் இருப்பவரும் நம் சோதனையை அப்படியே திரும்பச் செய்து சரிபார்க்கலாம்.

அதற்குப் பிறகு வேறு பாலங்களும் வந்துவிட்டன. 2019இல் ஆருக்காக 'என்எல்ஆர்எக்ஸ்' என்ற நிரல்தொகுப்பு வெளிவந்தது. பைத்தான் மொழி கற்றவர்களுக்குப் 'பைநெட்லோகோ' இருக்கிறது.

விளையாட்டு உண்மையாகும்போது

திரையில் எரியும் காட்டை ஒருமுறை ஓட்டிவிட்டு முடிவு சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. எரிவது காடாக இல்லாமல் பரவுவது நோயாக இருந்தால்?

கோவிட்-19 பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச் மாதத்தில், சிங்கப்பூரின் மக்கள்தொகையைக் கணினியில் உருவாக்கி அங்குள்ள ஆய்வாளர்கள் செய்த முகவர்சார் ஆய்வு ஒன்று லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் ஆய்விதழில் வெளிவந்தது. சளிக்காய்ச்சலுக்காக முன்பே இருந்த வேறொரு மாதிரியை அவர்கள் மாற்றியமைத்தார்கள். நெட்லோகோ அதில் இல்லை. ஆனால் அடிப்படை முறை நாம் பார்த்ததுதான். ஒருவர் சராசரியாக 1.5 பேருக்குத் தொற்றைக் கடத்துகிறார், எந்தத் தடுப்பு நடவடிக்கையும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 80ஆம் நாளில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருப்பார்கள்?

விடையை அவர்கள் ஒற்றை எண்ணாகத் தரவில்லை. நடுவெண் 279,000 என்றும், ஓட்டங்களின் நடுப்பாதி 245,000 முதல் 320,000 வரை இருந்தது என்றும் எழுதினார்கள். தனிமைப்படுத்துதல், பள்ளிகளை மூடுதல், வேலையிடத்தில் இடைவெளி ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால், இந்த எண்ணிக்கையின் நடுவெண் 99.3 விழுக்காடு குறையும் என்று மாதிரி காட்டியது. தொற்று இன்னும் வேகமாக, ஒருவரிடமிருந்து 2.5 பேருக்குப் பரவினால் அதே நடவடிக்கைகளால் 78.2 விழுக்காடுதான் குறையும்.

இரண்டு எல்லைகளையும் சேர்த்துச் சொல்வது தயக்கத்தின் அடையாளமாகச் சிலருக்குத் தோன்றலாம். உண்மையில் அதுதான் நேர்மை. பள்ளியை மூடலாமா என்று முடிவெடுப்பவருக்கு, மாதிரி எவ்வளவு உறுதியாகப் பேசுகிறது என்பதும் தெரிய வேண்டும். ஒரே ஒரு ஓட்டத்தைக் காட்டி "இதுதான் நடக்கும்" என்று சொல்பவரைவிட, "இதிலிருந்து இதற்குள் இருக்கும்" என்று சொல்பவரிடம் அதிகத் தகவல் இருக்கிறது.

பாலம் தராதது

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பல முறை ஓட்டுவதால் தற்செயலால் வரும் பிழை குறையும். தவறான விதியால் வரும் பிழை குறையாது. நம் நாட்டில் புகைமூட்டம் ஏற்படும்போது அடிக்கடி பேசப்படும் தீயை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கிய தாவரங்களால் ஆன சதுப்பு மண் எரிவதால் வரும் தீ அது. மண்ணுக்கு அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். மரத்திலிருந்து மரத்துக்கு மட்டுமே தாவும் நம் திரைக்காட்டுக்கு இது தெரியாது. அந்த மாதிரியை லட்சம் முறை ஓட்டினாலும் புகைமூட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. விதிகள் உண்மையோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கும் வேலை எப்போதும் மனிதர்களுடையது.

எனவே, இனி யாராவது கணினி மாதிரி ஒன்றைக் காட்டினால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "எத்தனை முறை ஓட்டினீர்கள்?" "எந்த விதிகளைக் கொடுத்தீர்கள்?"

நீங்களே செய்து பாருங்கள்

கணினி இல்லாமலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். தேவையானவை: கட்டம் போட்ட தாள், பகடை, இரண்டு வண்ணப் பென்சில்கள்.

1. தாளில் 10க்கு 10 சதுரங்கள் வரையுங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும் பகடையை உருட்டுங்கள். 1 முதல் 4 வரை விழுந்தால் பச்சை தீட்டுங்கள். 5 அல்லது 6 விழுந்தால் வெறுமையாக விடுங்கள். இது ஏறக்குறைய 67 விழுக்காட்டு அடர்த்தி.

2. இடது ஓரத்து மரங்கள் அனைத்துக்கும் சிவப்புத் தீட்டுங்கள். சிவப்பு மரத்தின் நான்கு பக்கங்களில் உள்ள பச்சை மரங்களையும் சிவப்பாக்குங்கள். மேலும் பரவ முடியாத வரை தொடருங்கள்.

3. எரிந்த மரங்களை மொத்த மரங்களால் வகுத்து விழுக்காடு காணுங்கள்.

4. புதிய தாளில், 1 முதல் 3 வரை விழுந்தால் மட்டும் மரம் என்று வைத்து மீண்டும் செய்யுங்கள். இது 50 விழுக்காட்டு அடர்த்தி.

வகுப்பில் 20 பேர் இருந்தால், ஒவ்வொரு அடர்த்திக்கும் 20 காடுகள் கிடைக்கும். விடைகளை வெண்பலகையில் எழுதி, இரண்டு அடர்த்திகளுக்கும் தனித்தனியாக நடுவெண்ணும் வீச்சும் காணுங்கள். பட்டைக் குறிவரைவு வரையுங்கள். பிறகு உங்கள் ஒருவருடைய காட்டை மட்டும் எடுத்து, வகுப்பின் நடுவெண்ணிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு காட்டை நம்பியிருந்தால் எவ்வளவு ஏமாந்திருப்போம் என்பதை அந்த இடைவெளி காட்டும்.